ரெஜின் படகு இரண்டு விரல் தாழ்ந்த கதை

எங்கள் துறையில் ரெஜின் வாண்டாமைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் கயிற்றைத்தான் சொல்வார்கள். பத்தடி தள்ளி நின்று அவள் கயிற்றைச் சுழற்றி எறிந்தால் கரையில் இருக்கும் கட்டுமுளையின் கழுத்தில் போய் விழும். பார்த்துக்கூட எறிய மாட்டாள். ஒரு கையில் காபிக் கோப்பை இருக்கும், வாய் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும், கயிறு பாட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளும். அவளுக்கு அடுத்த படகில் பதினொரு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒரு தடவைகூட அது தவறி நான் பார்த்ததில்லை.

அதனால்தான் போன வருஷம், "என் படகை நானே ஓட்டிட்டுப் போறேன்" என்று அவள் சொன்னபோது துறையே வாயைப் பிளந்தது. கயிறு பிடிப்பவள் வேறு, சுக்கான் பிடிப்பவர் வேறு. பழைய படகுக் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். மனைவி மேல்தளத்தில் மழையில் நனைந்துகொண்டு கயிறு பார்ப்பாள். புருஷன் சுக்கான் அறையில் நனையாமல் நின்று கத்துவான்.

ரெஜின் பிறந்ததே ஒரு மதகுக்குள். வடக்கே, கடுங்குளிர் மாதத்தில், அப்பா நிலக்கரி ஏற்றிக்கொண்டு போன படகு. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை வடித்து அடுத்த மட்டத்துக்கு இறக்குவார்களே, அந்தத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வந்துவிட்டது. மதகின் இடது கரை ஒரு ஊர், வலது கரை இன்னொரு ஊர். இரண்டு மேயர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை என்று கையை விரித்தார்கள். அப்பா மூன்றாவது ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிந்தார். "அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, கரையில நமக்கு இடமில்லன்னு" என்று ரெஜின் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

நடக்கத் தொடங்கியதும் இடுப்பில் கயிறு. மறுமுனை சுக்கான் அறைக் கதவில். படகுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள், இல்லாவிட்டால் வளர்ந்திருக்கவே மாட்டார்கள். ஆறு வயதில் அந்தக் கயிற்றை அவிழ்த்து, படகுப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். கட்டில் ஆடாததால் முதல் மாதம் முழுக்கத் தூங்கவே இல்லையாம். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தினம் ஒரு பிஸ்கட் கொடுத்துக் காலால் கட்டிலை ஆட்டச் சொல்லித் தூங்கியிருக்கிறாள்.

இருபது வயதில் கிளோவிஸோடு கல்யாணம். அவருக்குச் சொந்தமாக முப்பத்தெட்டு மீட்டர் நீளச் சரக்குப் படகு இருந்தது. அதன் பெயர் பாஷியான்ஸ், அதாவது பொறுமை. அந்தப் படகில் பெயர்ப் பலகையைத் தவிர வேறெங்கும் பொறுமையைப் பார்க்க முடியாது. முப்பத்தோரு வருஷம் இருவரும் கோதுமையும் மணலும் ஏற்றித் திரிந்தார்கள். கிளோவிஸ் நல்ல மனிதர், பேச்சு குறைவு. பேசின பேச்சில் பாதி "கயிறு" என்ற ஒரே சொல்தான். கரை நெருங்கும்போது சுக்கான் அறை ஜன்னலிலிருந்து அந்தச் சொல் வரும், இவள் எறிவாள். சுக்கானை மட்டும் அவர் யாருக்கும் தர மாட்டார். வளைவில்லாத நேர்க்கால்வாயில், அவர் சூப் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் இவள் பிடிக்கலாம்.

"முப்பத்தோரு வருஷச் சூப்பையும் கூட்டிப் பாரு, பாதி பிரான்ஸை நான்தான் ஓட்டியிருக்கேன்" என்பாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் சரக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பர்கண்டி கால்வாயில் எங்கள் துறைக்கு வந்து பாஷியான்ஸைக் கட்டினார்கள். சரக்கு வைக்கிற இடம் வீடாயிற்று. கிளோவிஸ் பழைய மரச் சுக்கான் அறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, குனியாமல் நிற்கலாம் என்று இரும்பில் உயரமாக ஒன்றைப் பற்றவைத்தார். கிறுக்கர் இல்லை, அளந்துதான் செய்தார். துறையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஆட்டுப்பாலம் என்று ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே தாழ்ந்த பாலம். அதற்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போகும் என்று சுக்கான் அறைச் சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்தார். ஐந்து வருஷம் அந்த அறையில் நின்று பேப்பர் படித்தார். பிறகு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.

ரெஜின் அழுதது எங்கள் யாருக்கும் தெரியாது. அடக்கம் முடிந்து வந்ததும் படகு முழுவதையும் தேய்த்துக் கழுவினாள்.

போன வருஷம் ஜனவரியில் நீர்வழி அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. நான் தபால் வண்டி ஓட்டுகிறவள், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடித்தகட்டைச் சோதிக்க வேண்டும் என்பது பழைய சட்டம். புதிதாக இன்னொன்றைச் சேர்த்திருந்தார்கள். படகு தன் சொந்த எஞ்சினில் பட்டறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் துறையில் அந்தப் படகுக்கு இடமில்லை. எங்கள் துறையில் இருபத்திரண்டு படகுகள் நிற்கின்றன. ஒரு இடம் காலியானால் தாவிப் பிடிக்க எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவளுக்கோ கரையில் ஒரு பிடி மண் கிடையாது.

"பட்டறை சோன் ஆத்துல இருக்கு. ஒம்போது கிலோமீட்டர். ரெண்டு மதகு, ஒரு பாலம். கிளோவிஸ் இருந்தா சூப் ஆறுறதுக்குள்ள போய்டுவார்" என்றாள்.

"இப்ப யாரு ஓட்டுறது?"

"சூப்பு குடிச்சது அவரு. ஓட்டினது நானு."

ஓட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டுமே. அறுபத்தோரு வயதில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தடவை தேறவில்லை. கரை சேரும்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்களாம், இவள் பழக்கதோஷத்தில் "கயிறு எறியணும்" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டாம் தடவை தேறினாள்.

எங்கள் துறையில் கஸ்பார் என்று ஒரு கிழவர் உண்டு. எழுபத்தெட்டு வயது, நாற்பது வருஷம் சொந்தப் படகு ஓட்டியவர். கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிற படகையெல்லாம் குறை சொல்வதுதான் இப்போது அவருடைய உத்தியோகம். ரெஜின் தேறிய செய்தி கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கயிறு பிடிச்ச கை சக்கரம் பிடிக்குமா? நான் ஓட்டித் தரேன்னேன். மகாராணிக்கு வேணாமாம்" என்று என்னிடம் புலம்பினார், அவள் காதில் விழுகிற மாதிரி.

"கண்ணாடியைக் கழட்டினா உங்களுக்கு உங்க மூக்கே தெரியாது கஸ்பார். உங்களை நம்பிச் சுக்கானைக் குடுக்கறதுக்கு, படகை அவுத்து விட்டா அதுவே போய்ச் சேர்ந்துரும்" என்றாள் ரெஜின், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

இனிமேல்தான் நாங்கள் செய்த மடத்தனம் வருகிறது. நாங்கள் என்றால் நாங்கள் எல்லோரும்தான். ரெஜினை மட்டும் சொல்லிப் பயனில்லை.

பாஷியான்ஸின் பின்னறைத் தரைக்கடியில் கிளோவிஸ் அடிப்பாரமாக சிமெண்ட் கற்களை அடுக்கி வைத்திருந்தார். மொத்தம் நூற்றெண்பது கல், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. சோதனைக்கு முன்னால் அடித்தகட்டில் துரு இருக்கிறதா என்று உள்பக்கமாகப் பார்த்துவிடலாம் என்று ரெஜின் ஏப்ரலில் அவற்றை வெளியே எடுத்தாள். துருவைச் சுரண்டி, சிவப்புப் பூச்சு அடித்து, பார்த்தால் அந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மறுபடி கல்லைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். என் படகிலிருந்து கரைக்கு இறங்கும் படிக்கட்டு அவளுடைய கல்தான், எட்டு கல். ரொட்டிக்கடை யூக் தன் படகுக்கு எதிரே கரையில் அடுப்பு கட்டிக்கொண்டான். கஸ்பார் பன்னிரண்டு கல் வாங்கி, நாற்காலிக்கு மேடை போட்டுக்கொண்டார். ரெஜினைத் திட்டுவதற்கு ரெஜினுடைய கல் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாரத்தை எடுத்தால் படகு எழும்பும். இது படகுக்காரன் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, நாற்பது வருஷம் ஓட்டிய கஸ்பாருக்கும் உறைக்கவில்லை. பத்து வருஷமாக நகராத படகை எல்லோரும் வீடு என்றே நினைக்கத் தொடங்கியிருந்தோம். வீட்டுத் தரையிலிருந்து கல்லை எடுத்தால் வீடு உயராதே.

பட்டறையில் செப்டம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்கு இடம் கிடைத்தது. மாலை நாலு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், நாலுக்குக் கதவைச் சாத்தித் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அதைத் தவற விட்டால் அடுத்த இடம் மார்ச்சில். மார்ச்சில் அவளுடைய துறை அவளுடையதாக இருக்காது.

அன்று காலை பதினொரு மணிக்குக் கிளம்பினோம். கயிறு பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டாள். கிளம்புகிற படகின் கடைசிக் கயிற்றைப் பக்கத்துப் படகுக்காரர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். பக்கத்துப் படகுக்காரி நானே படகில் இருந்ததால் கஸ்பார் எழுந்து வந்து அவிழ்த்தார்.

"பாலத்துல மாட்டிக்கிட்டா போன் பண்ணு பொண்ணே. வந்து வேடிக்கை பாக்கறேன்."

"வர்றப்ப நாற்காலி கொண்டு வாங்க, கால் வலிக்கும்" என்று ஜன்னலைச் சாத்தினாள் ரெஜின்.

முதல் மதகை நெருங்கினோம். முப்பத்தெட்டு மீட்டர் இரும்பு. மதகுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்தான் இடம். நேராக வராவிட்டால் கல்சுவரில் உரசும், அந்தச் சத்தம் இரண்டு ஊருக்குக் கேட்கும். நான் மேல்தளத்தில் கயிற்றோடு நின்றேன். படகு ஒரு பக்கமும் படாமல் உள்ளே போய் நின்றது. நான் எறிந்த கயிறு மூன்று தடவை தண்ணீரில் விழுந்தது. அதற்குள் அவளே சுக்கான் அறையை விட்டு வந்து, வாங்கி, எறிந்து, திரும்பிப் போய்விட்டாள்.

மதகுக்காரி நதேஜ் மேலே நின்று சுவரை எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள், ஆனால் மதகில் ஆறு வருஷ அனுபவம்.

"மதாம், இந்தச் சுவத்துல உங்க வீட்டுக்காரர் உரசினதாச் சொல்ற நீலப் பெயிண்ட் இன்னும் இருக்கு. நீங்க ஒரு புள்ளிகூட வைக்கலையே."

சுக்கான் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ரெஜின் முகம் பூரித்துப் போயிருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று ஆட்டுப்பாலத்தில். அப்போது மணி ஒன்று. படகின் முன்பக்கம் பாலத்துக்கடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. சுக்கான் அறை பின்பக்கத்தில் இருப்பதால் அது கடைசியாகத்தான் பாலத்தைச் சந்திக்கும். நான் முன்னால் நின்றேன். திடீரென்று எஞ்சின் பின்னோக்கி உறுமியது, அடியிலிருந்து சேறு கிளம்பியது. அவ்வளவு நீளப் படகு உடனே நிற்குமா? நகர்ந்து, நகர்ந்து, சுக்கான் அறைக்கும் பாலத்துக்கும் ஒரு கை நீளம் இருக்கும்போது நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ரெஜின் சுக்கான் அறையின் கூரை மேல் ஏறி, கிளோவிஸின் அளவுக் கோலைப் பாலத்தின் அடிக்கல்லுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விரல்" என்றாள்.

"இடைவெளிதான?"

"இடைவெளி இல்ல. கூரை ரெண்டு விரல் மேல நிக்குது."

கீழே இறங்கிச் சுவரில் இருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மார்வோன், உன் படிக்கட்டு" என்றாள். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டேன். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எங்கள் தலைக்கு மேலே பாலம், அங்கே இரண்டு விரல் என்பது இரண்டு மலை.

நான் போன் பண்ணிச் சொல்ல, நதேஜ் மொபெட்டில் வந்து சேர்ந்தாள். கால்வாய்த் தண்ணீரைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்று அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இந்த வறட்சியில் ஒரு வாளிகூட விட முடியாது என்று வைத்துவிட்டார்கள். இரும்புக் கூரையை அறுக்க நேரமில்லை. பின்னறையில் தண்ணீரை நிரப்பலாம் என்று நான் சொன்னேன். "பக்கத்துலயே எஞ்சினும் பேட்டரியும் இருக்கு. நிரப்பினா பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் தள்ளுவா, நீயா?" என்று ரெஜின் எரிந்து விழுந்தாள். கற்களைத் திரும்பக் கொண்டு வரலாம் என்றால் பாதிக் கல் சிமெண்ட் பூசிக் கட்டியாகிவிட்டது.

ரெஜின் படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"முப்பத்தோரு வருஷம் இந்த மனுஷன் ஒரு கல்லைக்கூடக் காரணமில்லாம வைக்கல. நான் ஒரே நாள்ல தானம் பண்ணிட்டேன். போச்சு மார்வோன். என் இடம் போச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கஸ்பாருக்குப் போன் பண்ணினேன். சிரிக்கப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன்.

"மாட்டிக்கிட்டோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு விரல்."

"யாரு விரலு?"

"ரெஜின் விரலு."

"அப்ப தடி விரலு." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "கல்லை எடுத்தோமே, அதுவா?"

"அதேதான்."

"நானும் பன்னெண்டு தூக்கினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மணி என்ன? ஒண்ணேகாலா? அங்கேயே இருங்க. கல்லு வராது. கல்லு வாங்கின கழுதைங்க எல்லாம் வருவாங்க."

இருபத்தைந்து நிமிஷத்தில் கால்வாய்க் கரையில் தூசி கிளம்பியது. சைக்கிளில் வந்தார்கள், யூக்கின் ரொட்டி வண்டியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தார்கள், தக்காளி பறித்த கையோடு வந்தார்கள். ஒருத்தி தலையில் சாயம் தடவிய பாதியில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். துறையில் அப்போது இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. முப்பத்திரண்டு பேர். கஸ்பார் ரொட்டி வண்டியின் முன் இருக்கையிலிருந்து இறங்கினார். அவர் கையில் நாற்காலி இல்லை.

"எல்லாரும் பின்னாடி போங்க. முன்னாடி ஒருத்தனும் நிக்காதீங்க" என்று அவர்தான் அதட்டினார். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். நாங்கள் ஊர் கூடித் தேரை அமுக்கினோம். பின்னறையில் பதினாறு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் அறையில் ஆறு பேர். மற்றவர்கள் பின்தளத்தில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். யூக் நூற்றிருபது கிலோ. வயிற்றைத் தட்டிக்கொண்டு, "பத்து வருஷமா டாக்டர் இதைக் குறைடா குறைடான்னார். நல்ல வேளை கேக்கல" என்று சுக்கான் அறைக்குப் பின்னாலேயே இடம் பிடித்தான். கரையில் நின்று வாய் பார்த்த ஜெர்மன் சைக்கிள் பயணிகள் இருவரையும் மூட்டை முடிச்சோடு ஏற்றிவிட்டோம். எதற்கு ஏறினோம் என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

ரெஜின் மறுபடி கூரை மேல் ஏறிக் கோலைப் பிடித்தாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், ஏதோ மூச்சு விட்டால் எடை குறைந்துவிடும் என்பது போல.

"இன்னும் ஒரு நகக்கண்ணு" என்றாள்.

நதேஜ் பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அவள் எந்தப் படகிலும் ஏறக்கூடாது. சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கி வந்து படுத்தாள். அப்போதும் அரை நகக்கண் மிச்சம் இருந்தது. மணி இரண்டே முக்கால். இனி கூப்பிட ஆளில்லை.

கஸ்பார் பின்கோடியில் மல்லாந்து படுத்தபடி சொன்னார்: "மெதுவா விடு. எறும்பு ஊர்ற மாதிரி விடு. உரசினாலும் பெயிண்ட்டோட போயிரும்."

"மெதுவா விட்டா மாட்டும்" என்றாள் ரெஜின்.

"நாப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன்."

"நாப்பது வருஷமும் நீங்க முன்னாடி பாத்துட்டு நின்னீங்க. நான் பின்னாடி கயிறோட நின்னேன். எஞ்சினை முறுக்கறப்ப எல்லாம் பின்பக்கம் உக்காரும் கஸ்பார். தகட்டுல இருக்கற வெள்ளைக் கோடு தண்ணிக்குள்ள போகும். தினம் பாத்திருக்கேன். கயிறு பிடிக்கறவளுக்குத்தான் பின்னாடி நடக்கறது தெரியும்."

கஸ்பார் பின்கோடிக்கு இன்னும் ஒரு சாண் நகர்ந்து படுத்தார்.

"தப்பாப் போச்சுன்னா?" என்று நான் கேட்டேன்.

"தப்பாப் போச்சுன்னா கூரை போகும், அப்புறம் இடமும் போகும். சும்மா நின்னாலும் அதேதான் போகும்."

படகைப் பின்னால் எடுத்தாள். முப்பது மீட்டர், நாற்பது மீட்டர். பிறகு எஞ்சினை ஒரே முறுக்காக முறுக்கினாள். படகு நடுங்கியது. பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்தது போல உட்கார்ந்தது. படுத்திருந்தவர்களின் காதருகே தண்ணீர் சலசலத்தது. பாலம் எங்களை நோக்கி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் கத்தவில்லை. இருட்டு முகத்தின் மேல் ஓடியது, தலைக்கு மேலே இரும்பு எதையோ தடவுகிற மெல்லிய சத்தம், பிறகு வெயில்.

கூரையின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பாலத்தின் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. பெயிண்ட் போகவில்லை.

அப்போதுதான் கத்தினோம். பின்னறைக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மன்காரர்கள் எல்லோரோடும் கை குலுக்கினார்கள். இரண்டாவது மதகின் கதவை நதேஜ் போனிலேயே சொல்லித் திறந்து வைத்திருந்தாள். ரெஜின் அதற்குள்ளும் ஒரு புள்ளி படாமல் நுழைந்து இறங்கினாள். மூன்று ஐம்பதுக்குப் பட்டறைக்குள் படகைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டறைக்காரர் பெர்தியே சுக்கான் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஓட்டிட்டு வந்த முசியே எங்க?" என்று கேட்டார். முப்பத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் ரெஜினைக் காட்டினோம்.

ஆய்வாளர் நாலு நாள் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்பக்கம் துருவெல்லாம் சுரண்டிப் பூச்சு அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான அடித்தகட்டை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லை எடுத்ததற்கு ஒரு புண்ணியம் உண்டு என்பது அன்று தெரிந்தது.

திரும்புகிற நாள் சனிக்கிழமை. மறுபடி பாலம் இருக்கிறதே. துறை முழுவதும் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கே வந்து ஏறியது. யூக் வெங்காயம் போட்டுச் சுட்ட பெரிய ரொட்டிகள், யாரோ ஒரு கூடைப் பாலாடைக்கட்டி, உள்ளூர் ஒயின் எட்டு போத்தல். அவரவர் பாரம் கூடத்தானே வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டோம். ஆட்டுப்பாலத்தை அதே முறுக்கில் தாண்டினாள். இந்தத் தடவை பாசிகூட ஒட்டவில்லை.

"கல்லைத் திருப்பித் தந்துடட்டுமா?" என்று வழியில் கேட்டேன்.

"உன் படிக்கட்டை வச்சுக்கோ. அடுத்த பத்து வருஷம் எல்லாரும் நல்லாத் தின்னு கொழுத்துட்டிருங்க, அது போதும்."

துறைக்கு முன்னாலிருக்கும் வளைவில் மூன்று தடவை ஊதுவது வழக்கம். கரையில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக் கயிறு வாங்க வந்து நிற்பார்கள். ரெஜின் மூன்று தடவை நீளமாக ஊதினாள். வளைவு திரும்பியது. துறையில் ஒரு ஆள் இல்லை. நாற்காலிகள், கொடியில் துணி, கஸ்பாரின் நாய் மட்டும் கரையில் நின்று வாலாட்டியது. எல்லோரும்தான் இந்தப் படகில் இருந்தோமே.

ரெஜின் படகை அவளுடைய இடத்துக்கு நேராகக் கொண்டுவந்து, கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் விட்டு, எஞ்சினாலேயே பிடித்து நிறுத்தினாள். சுக்கான் அறை ஜன்னலைத் திறந்தாள். நான் கயிற்றைத் தேடினேன். அது என் பக்கத்தில் இல்லை, மேல்தளத்தில் கஸ்பாரின் காலடியில் கிடந்தது.

"கஸ்பார்" என்றாள். அவர் நிமிர்ந்தார்.

"கயிறு."

நாற்பது வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லியே பழகிய மனிதர். அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. கஸ்பார் குனிந்து கயிற்றை எடுத்தார். எறிந்தார், தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடி எறிந்தார், நாய் மேல் விழுந்தது. அவர் காது சிவந்துபோயிற்று. படகு மட்டும் அந்த ஒரு முழத்திலிருந்து அரை விரல்கூட நகரவில்லை.

"அவசரமே இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சிட்டு நிப்பேன்" என்றாள் ரெஜின்.

மூன்றாவது தடவை கயிறு முளையின் கழுத்தில் விழுந்தது. கஸ்பார் இறுக்கிக் கட்டினார், ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தார், பிறகு சுக்கான் அறையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"கட்டியாச்சு, கேப்டன்" என்றார்.

ரெஜின் எஞ்சினை நிறுத்தினாள்.